கசப்புக் கீரைக்கு ஒரு பாத்தி

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவையில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'புதிய பயிர், புதிய வருமானம்'. தலைப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் பேசப்போறது ஒரே ஒரு கீரையைப் பத்தி. இலை சிவப்பா இருக்கும், தின்னா கசக்கும். நம்ம வீட்டில் யாரும் "இன்னிக்கு அதைப் பண்ணு" என்று கேட்க மாட்டாங்க. இன்னிக்கு மதியம் இந்தக் கீரைக்கு நிழல்வலை போட, கேட்கிற குழுக்களுக்குக் கூட்டமைப்பு நிதியிலிருந்து கடன் கொடுக்கலாமா என்று தீர்மானம் வரப்போகுது. எங்க குழு 3 வருஷமா இதைப் பயிர் பண்ணுது. கை தூக்கறதுக்கு முன்னாடி நீங்க எல்லாரும் விவரம் தெரிஞ்சுக்கணும் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன். பொறுத்துக்கணும்.

முதலில் இது எப்படி நம்ம ஊருக்கு வந்தது என்று சொல்லிடறேன். இருங்காட்டுக்கோட்டையில் 1996-ல் ஹூண்டாய் கம்பெனி வேலை ஆரம்பிச்சாங்க. 1998-ல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. அதுக்குப் பின்னாடியே உதிரிபாகம் செய்யற கொரியாக் கம்பெனிகள் ஒவ்வொண்ணா வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-ல் டெய்ம்லர் லாரி. நம்ம கழனி எல்லாம் காம்பவுண்டு சுவர் ஆனது உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனியோட கூட அந்த ஊர்க்காரங்களும் வந்தாங்க. அவங்களோட சாப்பாடும் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனா கொரியா எழுத்தில் பலகை வெச்ச ஓட்டல் பார்த்திருப்பீங்க.

அவங்க சாப்பிடற விதம் நமக்குப் புரியாததே இல்லை. உள்ளங்கையில் ஒரு பச்சை இலையை விரிப்பாங்க. அதில் கொஞ்சம் சோறு, சுட்ட கறித்துண்டு, ஒரு பல் பூண்டு, சோயா பயறு புளிக்க வெச்ச விழுது ஒரு விரல். நாலு பக்கமும் மடிச்சு அப்படியே வாயில் போட்டுக்குவாங்க. நம்ம பாட்டி வெற்றிலை மடிக்கிறது மாதிரியேதான். பாதி கடிச்சு மீதியைக் கையில் வெச்சிருக்கக் கூடாதாம், ஒரே வாய்தானாம். அதுக்கு அவங்களுக்கு வேண்டிய இலைதான் இந்தச் சிவப்பு லெட்டூஸ். அவங்க பாஷையில் 'சாங்சு'. அதில் ஒரு ரகத்துக்கு அவங்க வெச்ச பேரைத் தமிழில் சொன்னா 'சிவப்புப் பாவாடை' என்று வரும். இலை ஓரம் கொசுவம் வெச்சு விரிஞ்ச பாவாடை மாதிரிதான் இருக்கும். எங்க குழுவில் லெட்டூஸ் என்ற பேரே போயிடுச்சு. "இன்னிக்குப் பாவாடை எத்தனை கிலோ?" என்றுதான் கேட்டுக்குவோம்.

நீலகிரியிலிருந்தும் ஓசூர் பக்கமிருந்தும் வண்டியில் வர்ற இலை, இங்கே வந்து சேர்றதுக்குள்ள ஓரம் கருகி, தலை சாய்ஞ்சு போயிடும். காலையில் பறிச்சதை மதியத்துக்கு முன்னாடி கொண்டுவந்து கொடுக்க உள்ளூரில் ஆள் இருக்கா என்று ஒரு சமையற்கூடத்தில் விசாரிச்சாங்க. அங்கே பாத்திரம் கழுவற வேலையில் எங்க குழு உறுப்பினர் ஒருத்தர் இருந்தார். விஷயம் அப்படித்தான் எங்க வாரக் கூட்டத்துக்கு வந்தது.

இந்தக் கீரையோட குடும்பத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. லெட்டூஸ், சாமந்தி, சூரியகாந்தி எல்லாம் ஒரே குடும்பம். தண்டை ஒடிச்சா பால் வரும். அந்தப் பாலில்தான் கசப்பு இருக்கு. அதைச் சாப்பிட்டா தூக்கம் வரும் என்று கொரியாவில் சொல்லுவாங்களாம். எங்களுக்கு அப்படி ஒண்ணும் தூக்கம் வந்ததில்லை. வந்தாலும் தூங்க நேரம் எங்கே இருக்கு?

இதே குடும்பத்தில் இன்னொரு சிவப்பு இலை இருக்கு. இத்தாலி நாட்டுக்காரங்க 'ரடிக்கியோ' என்று சொல்லுவாங்க. சின்ன முட்டைக்கோசு மாதிரி உருண்டை, ரத்தச் சிவப்பு, நடுநரம்பு மட்டும் வெள்ளை. கசப்பு லெட்டூஸைவிடப் பல மடங்கு. பெரிய ஓட்டல் சமையல்காரங்க அதைத்தான் முதலில் கேட்பாங்க, போனில் படமும் அனுப்புவாங்க. நாங்களும் ஒரு பாத்தி போட்டுப் பார்த்தோம். இலை வந்தது. ஆனா உருண்டை கட்டலை, சிவப்பும் ஏறலை. வேப்பிலை மாதிரி கசந்தது. அது பனி விழுகிற ஊர்ப் பயிர். இத்தாலியில் ட்ரெவிசோ என்ற ஊரில், குளிர் தாக்கின செடியை வேரோட பிடுங்கி, இருட்டில் ஓடற தண்ணியில் நிக்க வைப்பாங்க. அந்த இருட்டில் வர்ற புதுக் குருத்துதான் அந்தச் சிவப்பும் வெள்ளையும். நம்ம ஊர் மார்கழிப் பனியில் அது நடக்காது. அதனால ரடிக்கியோ விதை கொடுக்கிறேன், உருண்டை உருண்டையா காய்க்கும் என்று யாராவது குழுவுக்கு வந்தா, உட்கார வெச்சு டீ கொடுத்து அனுப்பிடுங்க. பணம் கொடுக்காதீங்க.

ஆனா அந்த ரடிக்கியோவுக்குச் சொந்தக்காரி ஒருத்தி நம்ம ஒவ்வொருத்தர் வீட்டிலும் இருக்கா. சிக்கரி. காபித்தூளில் கலக்கிற சிக்கரி, அதே இனத்துச் செடியோட வேர். குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் பயிர் பண்ணி, வேரைக் காயவெச்சு வறுத்து அரைச்சு அனுப்பறாங்க. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். சிக்கரி கலந்த காபியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். சித்த வைத்தியர்கள் சொல்ற காசினிக்கீரையும் இந்தச் சிக்கரி இனம்தான். அதனால இந்தக் கசப்பு அந்நிய நாட்டுக் கசப்பு என்று மூக்கைச் சுளிக்க வேண்டாம். தினம் காலையில் பாலும் சர்க்கரையும் போட்டுக் குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்.

இப்ப வளர்க்கிற விஷயத்துக்கு வர்றேன்.

விதை எள்ளைவிடச் சின்னது. ஒரு கிராமில் ஏறக்குறைய 800, 1000 விதை இருக்கும். மண்ணோட சூடு 30 டிகிரியைத் தாண்டினா முளைக்காது, தூங்கிடும். செத்துப்போச்சு என்று நினைச்சுத் தூக்கிப் போடாதீங்க. ஈரத்துணியில் முடிஞ்சு, டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் 2, 3 நாள் வெச்சு எடுத்து விதைச்சா நல்லா முளைக்கும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. அப்புறம் இந்த விதைக்கு வெளிச்சம் வேணும். கத்தரி, மிளகாய் விதை மாதிரி மண் போட்டு மூடினா வராது. குழித்தட்டில் தென்னைநார்க் கழிவு நிரப்பி, மேலே தூவி, லேசா அழுத்திவிட்டு, பூவாளியில் பனி மாதிரி தெளிக்கணும். முதல் வாரம் மொட்டை வெயில் கூடாது. 3, 4 வாரத்தில் நாலஞ்சு இலை வந்ததும் சாயந்தரமா நடணும். செடிக்குச் செடி ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவா, முக்கால் முழம் போதும்.

எப்ப நடறது என்பதில்தான் எல்லாமே இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நட்டா இலை மண்ணோட ஒட்டி அழுகிடும். நத்தை வேற ராத்திரியோட ராத்திரியா ஓட்டை போட்டுடும். கார்த்திகைக் கடைசியில், பெரிய மழை ஓய்ஞ்ச பிறகு மேட்டுப்பாத்தி எடுத்து நட்டா, தை, மாசி முழுக்கப் பறிக்கலாம். பங்குனி பிறந்தா செடிக்கு வயசாயிடும். நடுவில் கூம்பு மாதிரி தண்டு கிளம்பும். தண்டு கிளம்பின அன்னிக்கே பால் ஏறி, இலை வாயில் வைக்க முடியாத கசப்பாயிடும். அதை எந்த உரம் போட்டும் நிறுத்த முடியாது. ஆக வருஷத்தில் 3 மாசம்தான் இந்தப் பயிர். 12 மாசமும் அறுக்கலாம் என்று யார் சொன்னாலும், அவங்க குளிர்பதன அறையில் வளர்க்கிற ஆளா இருக்கணும், இல்லேன்னா நம்மகிட்ட ஏதோ விற்க வந்த ஆளா இருக்கணும்.

நிழல்வலை பத்திக் கவனமாக் கேளுங்க, ஏன்னா கடன் கேட்கிறதே அதுக்குத்தான். இலைக்குச் சிவப்பு வர்றது வெயிலாலும் ராத்திரிக் குளிர்ச்சியாலும். வலை போட்டா செடிக்குச் சூடு குறையும், ஆனா சிவப்பும் குறையும். பாதி வெயிலை மறைக்கிற 50 சதவீத வலையை நிரந்தரமாக் கட்டினா, இலை பச்சையாத்தான் வரும். பச்சையா வந்தா வாங்கறவர் "இது சிவப்பே இல்லை" என்று திருப்பி அனுப்புவார். வலை இல்லாம விட்டா மாசி வெயிலில் ஓரம் கருகும். நாங்க என்ன பண்றோம் என்றால், 35 சதவீத வலையைக் கயிற்றில் மாட்டி, திரைச்சீலை மாதிரி இழுக்கிற மாதிரி கட்டியிருக்கோம். காலை 11 மணிக்கு இழுப்போம், 3 மணிக்கு ஒதுக்குவோம். அறுவடைக்கு முந்தின வாரம் காலை வெயில் கண்டிப்பா படணும். இதுக்கு ஒரு ஆள் பகலில் வீட்டில் இருக்கணும். ஆறு பேருமே கம்பெனி பஸ் ஏறிப் போற குழுவால இது முடியாது. அதைக் கடன் விண்ணப்பத்திலேயே கேட்கணும் என்பது என் கருத்து.

தோட்டக்கலைத் துறையில் நிழல்வலைக் குடிலுக்கு 50 சதவீத மானியம் இருக்கு. சொட்டுநீருக்கு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம் மானியம். நமக்கு இதில் இருக்கிற சிக்கல், நிலம் நம்ம பேரில் இல்லை. பட்டா கேட்டா, குத்தகை நிலம் என்று சொல்லி நிக்கணும். நிலத்துக்காரரோட குத்தகையை எழுத்தில் வாங்கி, எத்தனை வருஷம் என்று போட்டுக் கையெழுத்து வாங்குங்க. நம்ம பக்கம் எந்த நிலத்துக்கு எப்ப விலை பேசுவாங்க என்று தெரியாது. ரெண்டு வருஷம் எருப் போட்டுப் பதப்படுத்தின மண்ணை, ஒரு நாள் சாயந்தரம் ஜேசிபி வந்து வாரிட்டுப் போறதைப் பார்த்த குழு இந்தக் கூட்டத்திலேயே இருக்கு.

தண்ணீர். இது பச்சையாத் திங்கிற இலை. வேகவைக்கிற கீரைக்கு இருக்கிற சலுகை இதுக்கு இல்லை. கம்பெனிச் சுவர் ஓரமா ஓடற கால்வாய்த் தண்ணி எவ்வளவு தெளிவா இருந்தாலும் இதுக்கு ஊத்தக் கூடாது. போர் தண்ணியைக் கூட ஒரு தடவை பரிசோதனைக்குக் கொடுங்க, உப்பு அதிகம் இருந்தா இலை ஓரம் கருகும். பச்சைச் சாணி போடக் கூடாது, நல்லா மக்கின எரு, இல்லேன்னா மண்புழு உரம், அதுவும் நடறதுக்கு முன்னாடியே. பஞ்சகவ்யா நல்லதுதான், நானும் கத்தரிக்குத் தெளிக்கிறேன், ஆனா நாளைக்கு ஒருத்தர் கழுவி அப்படியே வாயில் வைக்கப்போற இலை மேல கோமியமும் சாணமும் கலந்த தண்ணியைத் தெளிக்க எனக்கு மனசு வராது. அசுவினி வந்தா தண்ணியைப் பீய்ச்சி அடிச்சு விடுவோம், மிஞ்சினா வேப்பெண்ணெய்க் கரைசல், அதுவும் பறிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி. கடை மருந்து கிடையவே கிடையாது. நத்தையைக் கையால் பொறுக்கணும். வேற வழி தெரியலை.

பறிக்கிறதும் பாதுகாக்கிறதும்தான் எங்களுக்குப் பணமா வந்தது. வெயில் ஏறறதுக்கு முன்னாடி, 5 மணியிலிருந்து 6 மணிக்குள்ள பறிச்சிடணும். செடியைப் பிடுங்காம, அடியில் இருக்கிற வெளி இலையா மூணு நாலு ஒடிச்சு எடுத்தா, அடுத்த வாரம் திரும்ப எடுக்கலாம். ஒடிச்ச இடத்தில் பால் கசியும், அது காய்ஞ்சா பழுப்பாயிடும். அதனால உடனே ஒரு தடவை குளிர்ந்த நல்ல தண்ணியில் அலசி, நல்லா உதறி, ஓட்டை வெச்ச பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி, மேலே பிழிஞ்ச ஈரத்துணி. தண்ணி சொட்டச் சொட்ட மூடினா சாயந்தரத்துக்குள்ள வழவழன்னு ஆயிடும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லித் தரலை, கெட்டுப்போன பிறகு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டோம். வாழைப்பழம், மாம்பழம், ஆப்பிள் இருக்கிற இடத்தில் இந்தக் கூடையை வைக்கக் கூடாது. பழம் பழுக்கும்போது எத்திலீன் என்று ஒரு வாயு வரும். அது பட்டா இலை நரம்பில் துருப்பிடிச்ச மாதிரி புள்ளி விழும். ஆட்டோவில் வாழைத்தார் பக்கத்தில் ஏத்தி அனுப்பினாலும் அதே கதிதான்.

ஃப்ரிட்ஜ் இருந்தா காய்கறித் தட்டில், துணியில் சுத்தி வெச்சா ஒரு வாரம் தாங்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத குழுக்கள் செங்கல் தொட்டி கட்டிக்கலாம். டெல்லி பூசா ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடிச்ச முறை. ரெண்டு வரிசைச் செங்கல் சுவர், நடுவில் ஆத்து மணல், அந்த மணலைக் காலையும் சாயந்தரமும் நனைக்கணும், மேலே கோரைப்பாய் இல்லேன்னா சாக்கு மூடி. மின்சாரமே வேண்டாம். வறண்ட காத்து அடிக்கிற ஊரில் பிரமாதமா குளிரும். நம்ம ஊரில் காத்திலேயே ஈரம் இருக்கிறதால அவ்வளவு குளிராது, ஆனாலும் காலையில் பறிச்ச இலை மறுநாள் காலைவரை வாடாம இருக்கும். நமக்கு அது போதும். இலை மட்டுமில்லை, விக்காம மிஞ்சின அரைக்கீரைக் கட்டும் அதில் பிழைச்சுக்கும். இந்தத் தொட்டிக்குக் கடன் கொடுத்தா நான் ரெண்டு கையும் தூக்குவேன்.

இப்ப பணக்கணக்கு. போன வருஷம் எங்க குழுவில் ஆறு பேர் சேர்ந்து 12 சென்ட் குத்தகை எடுத்தோம். 5 சென்டில் சிவப்பு லெட்டூஸ், 7 சென்டில் அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை. லெட்டூஸ் 180 கிலோ அனுப்பினோம். அதில் 40 கிலோ திரும்பி வந்தது. சிவப்பு போதாது, ஓரம் மடங்கியிருக்கு, அளவு சரியில்லை என்று ஒவ்வொரு நாள் ஒவ்வொரு காரணம். மீதி 140 கிலோவுக்குக் கிலோ ரூ.120 வீதம் ரூ.16,800 வந்தது. விதை, குழித்தட்டு, நார்க்கழிவு, வலையில் இந்த வருஷத்துப் பங்கு, குத்தகை, ஆட்டோ எல்லாம் போக ரூ.9,400 நின்னது. அதே 3 மாசத்தில் 7 சென்ட் கீரையில் செலவு போக ரூ.8,100. சென்டுக்குப் பார்த்தா லெட்டூஸ் ரூ.1,880, கீரை ரூ.1,157. லெட்டூஸ்தான் மேல், சந்தேகமில்லை. எங்க உழைப்புக்கு நாங்க கூலி போட்டுக்கலை என்பதையும் சேர்த்து நினைச்சுக்குங்க.

ஆனா கீரைக்கட்டுக் காசு அன்னிக்கே கையில் வந்தது. லெட்டூஸ் காசு? வாங்கிட்டுப் போற ஒப்பந்தக்காரர், பேரு வேண்டாம், "பில் மேலே போயிருக்கு" என்று 70 நாள் இழுத்தார். அந்த 70 நாளும் உள்கடன் தவணையை நாங்க கட்டினது கீரைக்கட்டுக் காசில்தான். ஒரு உறுப்பினர் வீட்டில் பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்டற வாரம் வந்தது. கூடத்தில் இருக்கிற இலைக்குப் பணம் வரணும், அது வரலை. குழுச் சேமிப்பில் எடுத்துக் கொடுத்தோம். அன்னிக்கு அந்த 7 சென்ட் கீரை இல்லாம இருந்திருந்தா, வெளியில் வட்டிக்குத்தான் போயிருப்பாங்க. எதிலிருந்து வெளியே வரணும் என்று இந்தக் குழுக்களை ஆரம்பிச்சோமோ அதுக்கே திரும்பப் போயிருப்போம்.

அதனால இந்த வருஷம் எங்க நிபந்தனையை மாத்திட்டோம். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கணக்கு முடிக்கணும். திருப்பற இலையைக் கொண்டுபோன அன்னிக்கே, எங்க ஆள் முன்னாடியே எடை போட்டுத் திருப்பணும். ஒப்பந்தக்காரர் ஒத்துக்கலை, போயிட்டார். நேரா ரெண்டு ஓட்டலில் பேசினோம், ஒத்துக்கிட்டாங்க. அளவு குறைஞ்சுபோச்சு, உண்மைதான். வாரம் 15 கிலோதான் போகுது. ஆனா சனிக்கிழமை சாயந்தரம் பணம் வருது. கூட்டமைப்பு பேரில் ஒரே ரசீதுப் புத்தகம் போட்டு எல்லாக் குழு இலையும் ஒண்ணாப் போனா, நம்ம பேச்சுக்கு இன்னும் கொஞ்சம் எடை இருக்கும். தனித்தனியாப் போனா, உங்க குழுவைக் காட்டி எங்க விலையைக் குறைப்பாங்க, எங்களைக் காட்டி உங்க விலையை.

சமையலுக்கு வர்றேன். அங்கே பின்வரிசையில் ரெண்டு பேர் எழுந்து போகப் பார்த்தாங்க, இருங்க.

திரும்பி வந்த 40 கிலோவை என்ன பண்றது? முதல் வாரம் மாட்டுக்குப் போட்டோம். மாடு சந்தோஷமாத் தின்னது. அப்புறம்தான் நாமும் தின்னு பார்ப்போமே என்று ஆரம்பிச்சோம். நூறு கிராம் இலையில் 95 கிராம் தண்ணிதான். அதனால கூடை நிறையப் போட்டாலும் வதங்கினா ஒரு கிண்ணம் ஆயிடும். சிவப்புச் சாயம் தண்ணியில் இறங்கி, இலை மங்கிப்போகும். கொஞ்சம் புளி சேர்த்தா சிவப்பு நிக்கும். சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு போட்டீங்கன்னா நீலம் பாரிச்சுப் பார்க்கவே சகிக்காது.

கசப்பைக் குறைக்க ரெண்டு வழி. நறுக்கி, கல்லுப்பு போட்டுக் கால் மணி நேரம் குளிர்ந்த தண்ணியில் ஊறவெச்சுப் பிழிஞ்சிடலாம். பாகற்காய்க்குப் பண்றதுதான். இல்லேன்னா கசப்பைக் கசப்பாவே விட்டு, கூட என்ன போடறோம் என்பதில் சமாளிக்கலாம். பாசிப்பருப்பு மலர வேகவெச்சு, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைச்சு ஊத்தி, இலையைக் கடைசியில் போட்டு ரெண்டே கொதி. ஒரு சிட்டிகை வெல்லம். பருப்பும் தேங்காயும் கசப்பை இழுத்துக்கும். இல்லேன்னா உளுந்து, காய்ஞ்ச மிளகாய், புளி வறுத்து, இலையை நல்லெண்ணெயில் வதக்கித் துவையல். பழைய சோத்துக்கு அந்தத் துவையல் மாதிரி ஒண்ணு இல்லை என்று என் மாமியாரே சொன்னாங்க. வேப்பம்பூ ரசம் வெச்சுச் சாப்பிடற, சுண்டை வத்தல் வறுத்துத் தொட்டுக்கிற குடும்பத்துக்கு இது ஒரு கசப்பே இல்லை. வயசுப் பிள்ளைங்கதான் முகத்தைச் சுளிக்கும். அதுங்களுக்குப் பச்சையாவே மெல்லிசா நறுக்கி, வெங்காயம், தக்காளி, வறுத்த வேர்க்கடலை பொடிச்சுப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொடுங்க. பச்சையாக் கொடுக்கும்போது மூணு தண்ணி மாத்தி, குடிக்கிற தண்ணியிலேயே அலசணும். மாசமா இருக்கிற பெண்களுக்கு வேகவெச்சே கொடுத்துடுங்க.

ஒண்ணு கண்டிப்பாச் சொல்லணும். சிவப்பா இருக்கு, ரத்தம் ஊறும் என்று சில பேர் சொல்லி விக்கறாங்க. நம்ம பொண்ணுங்க பாதிப் பேருக்கு ரத்தசோகை என்று முகாமில் எழுதிக் கொடுக்கறாங்க, அதனால இதை விளையாட்டா எடுத்துக்க முடியாது. இந்த இலையில் இரும்புச் சத்து கொஞ்சம்தான். நம்ம தண்டுக்கீரையில் அதைவிடப் பல மடங்கு இருக்கு. இலையோட நிறம் வேற, உடம்பில் ஊறற ரத்தம் வேற. கம்பெனிக்குப் போற பொண்ணு டிபன் பாக்ஸில் தண்டுக்கீரைப் பொரியலும் ஒரு நெல்லிக்காயும் வைங்க, சுகாதார நிலையத்தில் கொடுக்கிற மாத்திரையை நிறுத்தாதீங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க வீட்டில் இருந்தா, எந்தக் கீரையையும் திடீர்னு கூட்டறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேட்கணும்.

தீர்மானத்துக்கு வர்றேன். நான் கடன் வேண்டாம் என்று சொல்லலை. கொடுக்கலாம். ஆனா எழுத வேண்டியதை எழுதிக் கொடுக்கணும். பாவாடை போடற குழு எதுவா இருந்தாலும், பயிர் பண்ற நிலத்தில் பாதிக்கு மேல அதைப் போடக் கூடாது. மீதியில் நம்ம கீரை இருக்கணும். பகலில் ஒரு உறுப்பினர் ஊரில் இருக்கணும். குத்தகை எழுத்தில் இருக்கணும். தண்ணிப் பரிசோதனைச் சீட்டு விண்ணப்பத்தோட இருக்கணும். 95 பங்கு தண்ணியா இருக்கிற இலையை நாம விக்கிறோம் என்றால், விக்கிறது நம்ம கிணத்துத் தண்ணியைத்தான். சித்திரை வைகாசியில் கிணத்தில் எத்தனை அடி தண்ணி நிக்குது என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வரணும். இறங்கிக்கிட்டே போகுது என்று தெரிஞ்சா, அடுத்த கார்த்திகையில் பாத்தியைக் குறைச்சுக்கணும். முதல் வருஷம் மூணு குழுவுக்கு மட்டும் கொடுப்போம், பத்துக்கு ஒரேயடியா வேண்டாம். இங்கே எத்தனை ஓட்டல் இருக்கோ அத்தனைதான் வாங்குவாங்க. கொரியாக்காரங்க வந்ததால் வந்த பயிர், நாளைக்கு ஒரு கம்பெனி மூடினா கூடவே போயிடும். நோக்கியா 2014-ல் மூடினபோது இந்த ஊர் பார்த்ததுதானே.

நாத்து வாசல் பக்கம் மேசையில் வெச்சிருக்கோம், ஆளுக்கு நாலு, காசு வேண்டாம். தொட்டியில் வெச்சுப் பாருங்க. மதியச் சாப்பாட்டில் இன்னிக்குக் கூட்டு அந்த இலையில்தான். கசந்தா நேரா என்கிட்டயே வந்து சொல்லுங்க, சாப்பிட்டு முடிச்சுத் தீர்மானத்துக்கு உட்காருவோம்.